நேரம் குறித்துப் போகும் ஊட்டியா, போகிற போக்கில் பாண்டிச்சேரியா?

நாலு பேர் கிளம்பினால் ஒருத்தன் எக்செல் ஷீட் போட்டு அனுப்புவான், இன்னொருத்தன் "போய்ப் பார்த்துக்கலாம் மச்சி" என்பான். யார் சரி என்பது போகிற ஊரைப் பொறுத்தது.

ஊட்டிக்கு ஷீட்காரன்தான் சரி. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்பிவிடும், இருக்கைகளும் குறைவு, கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. காரில் போவதென்றாலும் 2024 மே முதல் இ-பாஸ் எடுத்தாக வேண்டும்.

பாண்டிச்சேரி அப்படியில்லை. சென்னையிலிருந்து ஈசிஆரில் சுமார் 150 கிலோமீட்டர், நடுவில் மாமல்லபுரத்தில் இறங்கி அர்ஜுனன் தபசு முன்னால் அரட்டையில் ஒரு மணி நேரம் போனாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது, ஒருத்தனுக்குத் திடீரென ஆபீஸ் கால் வந்தால் வண்டியை ஓரங்கட்டி மற்றவர்கள் இளநீர் குடிக்கலாம், சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் கால்போன போக்கில் நடக்கலாம். வார இறுதி என்றால் ரூம் மட்டும் முன்பே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காரில்தான் தூக்கம்.

என் ஓட்டு பாண்டிச்சேரிக்கு. ஒருத்தன் கடைசி நிமிஷத்தில் கழன்றுகொண்டாலும் பயணம் கெடாது. ஊட்டி என்றால் அவன் டிக்கெட் காசை யார் தருவது என்று குரூப்பில் ஒரு வாரம் சண்டை ஓடும்.