நான்கு வருடமாகப் பார்க்கிறேன்: அமெரிக்க அடிப்படைவாதம் பற்றிய யூடியூப் வீடியோக்கள்

டிவி ரியாலிட்டி ஷோவில் வந்த அமெரிக்காவின் டகர் குடும்பத்து மூத்த மகன் ஜோஷ் மீதான சிறுவர் ஆபாசப் பட வழக்கில் தீர்ப்பு வந்த 2021 டிசம்பரில்தான் 'ஃபண்டி ஃப்ரைடேஸ்' சேனல் என் கண்ணில் பட்டது. ஜென் என்ற பெண் கேமரா முன்னால் உட்கார்ந்து மேக்கப் போட்டபடியே அமெரிக்காவின் அடிப்படைவாதக் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றிப் பேசுவார். நகை, பவுடர் எதுவும் கூடாது என்ற பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்தவள் நான். முதலில் அந்த மேக்கப்தான் என்னை உட்கார வைத்தது. அப்புறம் விட முடியவில்லை.

டகர் குடும்பத்தை டிவியில் பார்த்தவர்களுக்கு 19 பிள்ளைகளும் நீளப் பாவாடைகளும்தான் நினைவிருக்கும். அந்த வாழ்க்கைமுறைக்குப் பின்னால் பில் கோதர்ட் என்ற போதகர் 1961-இல் தொடங்கிய அமைப்பின் போதனை இருந்தது என்பது இந்த மாதிரி வீடியோக்களால்தான் எனக்குத் தெரிந்தது. அவருடைய குடைப் படம் ஒன்று உண்டு. மேலே பெரிய குடையாகக் கிறிஸ்து, அதன் கீழே கணவன், அதற்கும் கீழே மனைவி, அடியில் பிள்ளைகள். குடையை விட்டு வெளியே வந்தால் சாத்தான் கையில் சிக்குவாய் என்பது பாடம். வீடியோவை நிறுத்திவிட்டு அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குடை பிடிக்கிறவரே கொடுமை செய்தால் பிள்ளை எங்கே போய் ஒதுங்கும்? பல பெண்கள் பாலியல் சீண்டல் புகார் சொன்ன பிறகு, 2014-இல் கோதர்ட் அந்த அமைப்பிலிருந்து விலகினார்.

இந்த வகை வீடியோக்கள் எல்லாமே பார்க்கத் தகுந்தவை என்று சொல்ல மாட்டேன். உடையைக் கேலி செய்கிறார்கள், யாருக்கு மாதம் எத்தனை என்று வயிற்றை உற்றுப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் யாரும் தங்களைப் படம் பிடிக்கச் சொல்லிக் கேட்கவில்லையே! அப்படிப்பட்ட மூன்று சேனல்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். விசுவாசிகள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவதும் எனக்கு வருத்தம்தான். நான் இன்றும் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவள்.

உள்ளேயிருந்து வெளியே வந்தவர்கள் தாங்களே பேசும் வீடியோக்களை முதலில் பாருங்கள். டகர் மகள்களில் ஒருவரான ஜில், கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னவென்று தெரியாமலே டிவி ஷோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதை 2023-இல் வெளிப்படையாகச் சொன்னார். பிரசவம் வரை படம் பிடித்தும் தனக்குச் சம்பளம் தரவில்லை என்றார். அதை என் அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதனால் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ள இப்ப நல்லா இருக்கா?"