நோஷன் குறிப்புகளை மார்க்டவுனாக மாற்றித் தரும் அப்சிடியன் இம்போர்ட்டர்: வியாசர்பாடிப் படிப்பகத்திலிருந்து ஒரு மதிப்புரை

வியாசர்பாடியில் நாங்கள் நடத்திவரும் மாலைநேரப் படிப்பகத்தில், குரூப் 4, குரூப் 2 தேர்வுகளுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கான குறிப்புகளைத் தன்னார்வ ஆசிரியர்கள் பலர் சேர்ந்து நோஷன் என்னும் இணையவழிக் குறிப்புச் செயலியில் எழுதிவந்தோம். பலர் ஒரே நேரத்தில் எழுதவும் திருத்தவும் அது மிக வசதியான இடம் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் படிக்க வருவோரில் பலரிடம் இருப்பது, 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த பழைய கணினி. இல்லையென்றால் அன்றைய டேட்டா தீர்ந்ததும் இணையம் நின்றுபோகும் கைபேசி. இணையமே இல்லாதபோதும் குறிப்பு திறக்க வேண்டும், எழுதிய ஆசிரியர் வேலை மாறிப் போனாலும் குறிப்பு நம்மிடமே இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளுக்காக எல்லாவற்றையும் வெற்று உரைக் கோப்புகளாக மாற்ற முடிவுசெய்தோம். அதற்கு, குறிப்புகளை நம் கணினியிலேயே மார்க்டவுன் கோப்புகளாக வைக்கும் அப்சிடியன் செயலியையும், அதனுடன் சேர்த்துக்கொள்ளும் இம்போர்ட்டர் என்னும் இலவசச் செருகுநிரலையும் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) பயன்படுத்தினோம். அந்தச் செருகுநிரலைப் பற்றியதே இந்த மதிப்புரை. தமிழில் குறிப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் மாற்றுவதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய சில வேலைகள் உண்டு.

மார்க்டவுன் என்பது 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட எழுத்துமுறை. வரியின் தொடக்கத்தில் # போட்டால் தலைப்பு, சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி (**)  போட்டால் தடித்த எழுத்து, வரி முன்னால் சிறு கோடு போட்டால் பட்டியல், அடிப்படையில் இவ்வளவுதான். எந்தச் செயலியும் இல்லாமல் நோட்பேடில் திறந்தால்கூட வரிவரியாகப் படித்துவிடலாம் என்பதே எங்களை இதன் பக்கம் இழுத்தது.

நோஷனிலேயே மார்க்டவுனாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அந்த நேரடி ஏற்றுமதியில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் 32 எழுத்தும் எண்ணுமாக நீண்ட அடையாளக் குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அட்டவணைத் தரவுகள் தனியே சிஎஸ்வி என்னும் அட்டவணைக் கோப்புகளாகப் பிரிந்துவிடும். மேலும், அந்த வடிவத்தில் முக்கியமான தகவல்கள் சில விடுபடுவதால், இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல் வடிவத்தில் ஏற்றுமதி செய்து அதையே இம்போர்ட்டருக்குக் கொடுக்க வேண்டும் என்று அப்சிடியனின் உதவிக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. எங்கள் குறிப்புகள் முழுவதையும் ஏற்றுமதி செய்யும் உரிமை நோஷன் பணியிடத்தின் (எல்லாக் குறிப்புகளும் சேர்ந்திருக்கும் பொது இடம்) உரிமையாளர் கணக்குக்குத்தான் உண்டு என்பதால், முதலில் அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பணியிடம் என்றால் பதிவிறக்க இணைப்பு மின்னஞ்சலில் வரும். அது ஏழு நாளில் காலாவதியாகிவிடும்.

ஏற்றுமதியில் கிடைக்கும் ஜிப் கோப்பைப் பிரிக்காமல் அப்படியே இம்போர்ட்டரிடம் காட்டினால் போதும். கோப்புப் பெயர்களிலிருந்த அடையாளக் குறிகளை நீக்கி, பக்கங்களுக்கிடையிலான இணைப்புகளை மீண்டும் பொருத்தி, படங்களையும் உடன் எடுத்துவைக்கிறது. முந்தைய ஆண்டு வினாக்களுக்கு நாங்கள் வைத்திருந்த பாடம், ஆண்டு, கடினநிலை ஆகிய புலங்கள் ஒவ்வொரு கோப்பின் உச்சியிலும் இரண்டு கோட்டு வரிகளுக்கு நடுவே எழுத்தாகவே வந்து நின்றதைப் பார்த்தபோது மிகுந்த நிறைவாக இருந்தது.

ஒரே ஓர் இடத்தில்தான் மனம் சங்கடப்பட்டது. எங்கள் ஆசிரியர்கள் வினா விடைகளை மடிப்புகளாக எழுதிவந்தார்கள். "எட்டுத்தொகையில் அகமும் புறமும் கலந்த நூல் எது?" என்ற வரி மட்டும் தெரியும், முக்கோணக் குறியைத் தொட்டால்தான் "பரிபாடல்" என்ற விடை விரியும். பிள்ளைகள் தாங்களே தங்களைச் சோதித்துக்கொள்வதற்கு அதைவிட எளிய ஏற்பாடு இல்லை. அடிப்படை மார்க்டவுனில் இத்தகைய மடிப்புக்கு இடமில்லாததால், மாற்றத்துக்குப் பிறகு விடை கேள்விக்குக் கீழேயே வெளிப்படையாக நிற்கிறது. ஒரு சொல்லும் தொலையவில்லை, ஆனால் மறைவு போய்விட்டது. இப்போது கேள்விகளை ஒரு கோப்பிலும் விடைகளை அதே வரிசையில் இன்னொரு கோப்பிலும் பிரித்து வைத்துவருகிறோம். கைவேலை கூடினாலும் அச்செடுத்துக் கொடுக்க இதுவே ஏற்றதாக இருக்கிறது.

தமிழில் தலைப்பிடுபவர்கள் கோப்புப் பெயரின் நீளத்தைக் கவனித்தே ஆக வேண்டும். லினக்ஸ் கணினிகளில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது, புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாகவே எண்ணப்படுகின்றன. "படிப்பகம்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு ஒன்பது குறி, 27 பைட். இந்தக் கணக்கில் ஏறத்தாழ ஐம்பது எழுத்துக்கு மேல் போகும் தலைப்பு ஆபத்தானது. விண்டோஸில் சிக்கலின்றி உருவான கோப்பு, பென்டிரைவ் வழியாக லினக்ஸ் மடிக்கணினிக்குப் போகும்போது நகலாகாமல் நின்றுவிடும். ஆகவே நோஷனில் இருக்கும்போதே தலைப்புகளைச் சுருக்கிவிடுங்கள். "குரூப் 2/2ஏ" என்பதிலுள்ள சாய்கோடும், தலைப்பின் முடிவில் போடும் கேள்விக்குறியும் விண்டோஸ் கோப்புப் பெயரில் இடம்பெற முடியாதவை. அவற்றையும் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

பக்கங்களில் இணைத்து வைத்த பழைய வேர்ட் கோப்புகளை இம்போர்ட்டர் தொடுவதில்லை. அப்படியே பக்கத்தில் வைத்துவிடுகிறது. அவற்றைப் பாண்டாக் என்னும் இலவசக் கருவியால் மார்க்டவுனாக மாற்றலாம். பழைய .doc வடிவத்தை அது படிக்காது என்பதால், அப்படிப்பட்டவற்றை முதலில் .docx ஆகச் சேமித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள் என்றால், எழுத்துருத் தகவல் உதிர்ந்ததும் முழுப் பக்கமும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிக் கிடக்கும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய தாள்களில் இந்தச் சிக்கல் வர வாய்ப்பு மிக அதிகம். அவற்றை முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கிய பிறகே பாண்டாக்கிடம் கொடுக்க வேண்டும். மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்தாமல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: இம்போர்ட்டர் உள் இணைப்புகளை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுகிறது. அது அப்சிடியனின் வழக்கமே தவிர மார்க்டவுனின் பொது இலக்கணம் அன்று. அப்சிடியனிலேயே படிப்பவர்களுக்கு இதனால் குறையில்லை. வேறு செயலிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இணைப்புகளைப் பொதுவடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்சிடியனைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. கணினி, கைபேசிகளுக்கிடையே ஒத்திசைப்பது, குறிப்புகளை இணையத்தில் வெளியிடுவது போன்ற கூடுதல் சேவைகளுக்குத்தான் பணம் கேட்கிறார்கள், படிப்பகத்துக்கு அவை தேவைப்படவில்லை. கோப்புறையைப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம், ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அதே கோப்புகளே திறக்கின்றன. ஒரே குறிப்பில் நாள்தோறும் பலர் சேர்ந்து எழுதும் குழுக்கள் நோஷனை விட்டு வரத் தேவையில்லை. எழுதி முடித்த பாடங்களை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை இப்படி எடுத்து வைத்துக்கொள்ளட்டும், மூல ஜிப் கோப்பையும் அழிக்காமல் ஓரிடத்தில் வைத்திருக்கட்டும்.