மூன் வாட்டர் டிவிடி: ஆசான் மாமாவோடு பார்த்தது

பார்சலைப் பிரித்தால் பெட்டியின் மூலை உடைந்திருந்தது. வட்டில் கீறல் இல்லை, அதனால் விற்றவரிடம் சண்டைக்குப் போகவில்லை. பாறசாலையில் எங்கள் வீட்டு டிவியில் இந்த நடன டிவிடியைப் போட்ட அன்று மாமாவும் வந்திருந்தார். களியக்காவிளைப் பக்கம் நாற்பது வருடம் அடிமுறை என்ற நம்மூர்ச் சண்டைக்கலையைச் சொல்லிக்கொடுத்த ஆசான். இப்போது முட்டுவலி, தைலக் குப்பியும் சாய்வு நாற்காலியுமாக இருக்கிறார்.

தைவானின் க்ளவுட் கேட் நடனக் குழு 1998இல் அரங்கேற்றியது இது. 1973இல் அந்தக் குழுவைத் தொடங்கிய லின் ஹ்வாய்-மின்தான் நடனத்தை அமைத்தவர். ஆடுகிறவர்கள் தாய்ச்சி தாவோயின் பயின்றவர்கள், அது தாய்ச்சி என்ற சீனச் சண்டைக்கலையை ஒட்டிய மூச்சு, அசைவுப் பயிற்சி. இசை, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1720 வாக்கில் தனிச் செல்லோவுக்கு, அதாவது வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் மாதிரிக் கருவிக்கு, எழுதியவற்றிலிருந்து. மிஷா மைஸ்கி வாசித்த பதிவு.

"சண்டைக்கலைன்னு சொன்னியே, அடி எங்க மக்கா?" என்று பத்து நிமிடத்திலேயே கேட்டுவிட்டார் மாமா. நியாயம்தான். கதை இல்லை, மத்தளம் இல்லை. காது பாட்டுக்குத் தாளத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது. கொட்டாவி வந்தது, மறைக்கவில்லை.

அப்புறம் அவரே நாற்காலியில் முன்னால் நகர்ந்து, "கையப் பாக்காத, காலப் பாரு" என்றார். சின்ன வயதில் அவரிடம் ஒற்றைச்சுவடு என்ற அடிமுறைக் கால்வைப்புப் பயிலும்போது என் பின்னங்கால் தரையில் 'தொம்' என்று விழுந்தால் முட்டுக்குக் கீழே பிரம்பு விழும். இவர்கள் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்குக் கொண்டுபோவதில் எங்கே மாறியது என்றே பிடிபடவில்லை. செல்லோவின் வில் ஒரு இழுப்பு முடிந்து திரும்புகிற இடத்தில் இவர்களுடைய வயிறும் தளர்கிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கை என்று கணக்குப் போடவில்லை, மூச்சைத்தான் இசையோடு கட்டியிருக்கிறார்கள். போன வருடம் இங்கே ஒரு விழா மேடையில் வயலினுக்குக் களரி உதை போட்டார்கள். ஒரு தட்டுக்கு ஒரு உதை! பழைய சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. இதில் அந்த ஒட்டு இல்லை.

கடைசிப் பகுதியில் மேடைத் தரையில் தண்ணீர் பரவுகிறது, கண்ணாடிகளில் உருவம் இரட்டிக்கிறது, வெள்ளைக் கால்சட்டைகள் நனைந்து காலோடு ஒட்டுகின்றன. அதுவரை காதில் விழாத கால்கள் அங்கேதான் சத்தம் போட்டன. "வழுக்காதாடே?" என்ற மாமா அந்தப் பகுதியை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னார்.

வாங்குகிறவர்கள் டிவியின் சொந்த ஸ்பீக்கரை நம்ப வேண்டாம், செல்லோ கொசு ரீங்காரமாகிவிடும். நான் பழைய ஹோம் தியேட்டரை இணைத்த பிறகுதான் கீழ்த் தந்தி நெஞ்சில் அதிர்ந்தது. எழுபது நிமிடத்துக்குக் குழந்தைகள் உட்கார மாட்டார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வட்டு இப்போது மாமாவிடம் இருக்கிறது. அவர் வீட்டில் டிவிடி பிளேயர் கிடையாது.