பேராதனை வளாகம்: நிறுவன வரலாறா, மாணவர் நினைவுக் குறிப்பா?

இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பற்றிய நூல்களை நிறுவன வரலாறுகள், அங்கே பயின்றவர்களின் நினைவுக் குறிப்புகள் என்று இரண்டாகப் பிரிக்கலாம். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் ஏன் பேராதனையின் மகாவலி ஆற்றங்கரைக்கு வந்தது, முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் ஏன் மாணவர்கள் தங்கிப் பயிலும் கல்வியை விரும்பினார் என்பவற்றை அறிய முதல் வகையே தேவை. செனட் கட்டடத்தின் தூண்களில் கண்டிக் கலைமரபு தெரிவதன் காரணமும் அதில்தான் கிடைக்கும். ஆனால், அந்தப் பக்கங்களில் மனிதர்களின் குரல் அரிதாகவே கேட்கிறது.

இரண்டாம் வகையில் வளாகத்தை ஒட்டிய ஹந்தானை மலையிலிருந்து இறங்கும் மாலைப் பனியும், விடுதிச் சாப்பாட்டு மேசையில் இரவு நெடுக நீளும் இலக்கிய வாதமும் உயிரோடிருக்கின்றன. தமிழ்த் திறனாய்வாளர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் அங்கே மாணவர்களாக இருந்தவர்கள். பேராசிரியர் வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டே நாட்டுக்கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். மத்தளத்தின் அடிக்கு ஆட்டம் பழகிய மாணவனின் காலில் ஏறிய வலியை எந்த ஆண்டறிக்கையும் பதிவு செய்யாது. நினைவு ஆண்டுகளை மாற்றிவிடும், நண்பர்களைப் பெரிதாக்கிவிடும் என்பது உண்மைதான். ஆகவே தேதிக்கு நான் வரலாற்று நூலையே நம்புவேன். எனினும், தமிழ் ஆய்வுச் சூழல் அங்கே எப்படி உருவானது என்று அறிய விரும்புபவர் நினைவுக் குறிப்புகளிலிருந்தே தொடங்க வேண்டும்.