டயர் வண்டில்: மூன்று பெரும்போகம் ஓடின பிறகு

என் மாட்டு வண்டிலைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். 2022 செப்டம்பரில் மரம், அச்சு, சில்லு, கூலி எல்லாம் சேர்த்து 185,000 ரூபாய். "மாட்டின் கழுத்தில் எத்தனை கிலோ இறங்குது?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வாங்கும்போது நானும் கேட்கவில்லை. அதற்கு என் மாடு சுட்டியன் ஒரு மாதம் கழுத்தில் புண்ணோடு நின்றான்.

நான் மட்டக்களப்பில் பழுகாமப் பக்கம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வெல்லாவெளி வட்டையில் (வயல்வெளியில்) நாலு ஏக்கர் நெல் வேளாண்மை செய்கிறேன். வீட்டிலிருந்து வயல் மூன்றரைக் கிலோமீற்றர். முதல் பாதி கிறவல் ரோட்டு, மிச்சம் வாய்க்கால் கட்டு. மாரியில் அந்தக் கட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவனே கெட்டிக்காரன்.

இலங்கையில் பொருளாதாரம் விழுந்த 2022 எப்படிப்பட்ட வருசம் என்று எங்கட ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய். காசை நீட்டினாலும் எண்ணெய் இல்லை. பிறகு கியூஆர் முறையில் எண்ணெய்ப் பங்கீடு வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340. அதுவரை விதைநெல்லும் பசளையும் ஏற்றிப் போக லேண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு மெசின்) வைத்திருப்பவர் ஒரு நடைக்கு 1,500 கேட்பார். அந்த மாதம் 4,000 கேட்டார். அவரில் பிழையில்லை, அவரும் கறுப்புச் சந்தையில்தான் வாங்கினார். எங்கட பட்டியில் வளர்ந்த இரண்டு நாம்பன் மாடுகள் சும்மா மேய்ந்துகொண்டு நின்றன. மனிசிதான் சொன்னா, "உங்கட அப்பா வண்டில் வச்சிருந்தவருதானே. நீங்க மட்டும் ஏன் எண்ணெய்க்கு அலையுறீங்க?"

அப்பாவுடையது மரச்சில்லு வண்டில். தாந்தாமலைத் திருவிழாவுக்கு மேலே பாய்க்கூண்டு கட்டி, உள்ளே வைக்கல் பரப்பி, குடும்பமே அதில்தான் போகும். அப்படி ஒன்று இப்போது கட்டுவிக்கலாமா என்று விசாரித்தேன். மரச்சில்லுக்கு ஆர்க்கால் இறக்கி, விளிம்புக் கட்டை பொருத்தி, இரும்புப் பட்டத்தைச் சூடாக்கி ஏற்றத் தெரிந்த ஒருவரும் எங்கட பக்கத்தில் அகப்படவில்லை. ஆகவே டயர் வண்டில்.

களுவாஞ்சிக்குடிக்கும் கல்முனைக்கும் இடையில் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம், காரணம் பிறகு விளங்கும். மரவேலை செய்கிற ஓடாவியாருக்கு அறுபது வயதிருக்கும். மகன் வெல்டிங் பார்க்கிறான். கதவு, யன்னல், லேண்ட்மாஸ்டர் பின்னால் இழுக்கிற பெட்டி, இடைக்கிடை ஒரு வண்டில், இதுதான் அவர்களின் தொழில். மர வேலையைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. ஏர்க்கால் முதிரை, தட்டு வேம்பு, நுகம் பூவரசு. மூன்று மாரி நனைந்தும் ஒரு மூட்டு ஆடவில்லை. ஆணி அடிக்கிற இடத்தில் முதலில் துளை போட்டு, ஆணியில் கிரீஸ் தடவி இறக்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆணி கறள் புடிச்சா மரமும் சேந்து செத்துப்போகும் சேர்" என்றார். அந்த ஒரு சொல்லில் மயங்கித்தான் மற்ற எதையும் நான் பார்க்காமல் விட்டேன்.

அச்சு என்பது ஒரு சதுர இரும்புத் தண்டு. இரண்டு நுனியிலும் உடைந்த வான் ஒன்றின் ஹப்பை வெல்ட் பண்ணி, அந்த வானின் சில்லையே மாட்டியிருந்தார்கள். பெயாரிங் இருப்பதால் வெறும் வண்டிலை என் மகள் ஒற்றைக் கையால் தள்ளினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டிருப்புப் பாலத்தால் சோடி பூட்டிக்கொண்டு வந்தபோது ஆட்டோக்காரர்கள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள்.

மாடு பழக்கின கதை தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். மாமா ஒருவர் ஒரு மாதம் நுகத்தில் மரக்குற்றியைக் கட்டி இழுக்க விட்டுப் பழக்கினார். இடத்து மாடு சுட்டியன், வலத்து மாடு செவலையன். சுட்டியன் இரண்டு விரற்கடை கட்டை. அதனால் நுகம் எப்போதும் அவன் பக்கம் கொஞ்சம் சரியும்.

பசளை ஏற்றின இரண்டாம் கிழமை சுட்டியனின் திமிலுக்கு முன்னால் உள்ளங்கை அளவில் மயிர் கழன்றது. அடுத்த நாள் தோல் சிவந்தது. அதற்கடுத்த நாள் நுகத்தைத் தூக்கினதுமே கழுத்தை நெளித்துப் பின்னால் போனான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி நிறுத்திவிட்டு ஓடாவியாருக்குப் போன் பண்ணினால், "புது மாடு சேர், கழுத்து காய்ச்சா சரியாப்போகும்" என்றார். மாமாவும் அதையேதான் சொன்னார். காய்க்கிற கழுத்துக்கும் அழுகுகிற கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான் என்று கோபம் வந்தது. கோபத்தில்தான் தராசு ஞாபகம் வந்தது.

நெல் வாங்குகிற கடையில் மேடைத் தராசை ஒருநாள் இரவல் கேட்டேன். வண்டிலில் வழக்கம்போல் 60 கிலோ மூடை பத்து ஏற்றி, மாட்டுக்குப் பதிலாக நுகத்தின் நடுவுக்கு நேரே கீழே தராசை வைத்து, மாட்டின் தோள் உயரத்துக்கு ஒரு மரக்குற்றியை நிறுத்தி, அதன்மேல் நுகத்தை இறக்கினேன். குற்றியின் பாரத்தைக் கழித்தால் 52 கிலோ. நடக்காமல் நிற்கும்போதே இரண்டு கழுத்திலும் சேர்த்து 52 கிலோ! கிறவல் ரோட்டுக் குழியில் விழுந்து எழும்பும்போது அது எத்தனையாக இடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் நுகம் சரிகிற பக்கம் சுட்டியன்.

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விசையின் திரும்பல் விளைவு என்று வருசா வருசம் கரும்பலகையில் கீறுகிறேன். அந்தக் கணக்கேதான் இது. பாரத்தின் மையம் அச்சுக்கு நேரே மேலே நின்றால் கழுத்துக்கு ஒன்றும் வராது. முன்னுக்கு நின்றால் கழுத்தை அமுக்கும், பின்னுக்கு நின்றால் நுகத்தை மேலே தூக்கி மாட்டின் தொண்டையைக் கயிறு இறுக்கும். கொஞ்சம் முன்பாரம் வேண்டும், ஆனால் கொஞ்சம்தான். எங்கட வண்டிலில் மையம் அச்சுக்கு எட்டு இஞ்சிக்கு மேல் முன்னால் நின்றது. ஓடாவியார் லேண்ட்மாஸ்டர் பெட்டி கட்டிப் பழகின கை. அந்தப் பெட்டியின் முன்பாரத்தை இரும்பு தாங்கும், அது அழாது.

வண்டிலைத் திரும்பக் கொண்டுபோனேன். அச்சை நாலு இஞ்சி முன்னுக்கு நகர்த்த வேண்டும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "நாப்பது வருசமா கட்டுறன், தராசு வச்சுப் பாக்கிற ஆள இப்பதான் பாக்கிறன்." ஆனாலும் செய்தார். ஒன்பதாயிரம் ரூபாய் தனியாக வாங்கினார். அந்தக் காசுதான் இந்த மதிப்புரையில் என் பெரிய முறைப்பாடு. அவரின் பிழையைத் திருத்த நான் காசு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அதே பத்து மூடையை ஏற்றி நிறுத்தேன். 29 கிலோ. நுகம் கழுத்தில் படுகிற இடத்தையும் உளியால் அகலமாகச் செதுக்கி, பழைய டியூபும் சாக்கும் சுற்றினோம். உருண்டைக் கட்டை ஒரு கோட்டில் அறுக்கும், அகலமாக உட்கார்ந்தால் பாரம் பரவும். சுட்டியனின் புண் ஆறி, இப்போது அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்து நெற்றிச் சுட்டிக்குச் சோடியாக நிற்கிறது.

இனிச் சில்லுக்கு வருவோம். பத்து மூடையோடு கிறவல் ரோட்டில் மாடு மூச்சு வாங்காமல் போகிறது, மூன்றரைக் கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். இரும்புப் பட்டம் போட்ட ஒடுங்கிய சில்லு ஈரமான வாய்க்கால் கட்டுக்குள் வெட்டிக்கொண்டு இறங்கும். அகல டயர் மேலே மிதந்து போகும். வரம்பும் உடையாது, அதனால் பக்கத்து வயல்காரரோடு சண்டையும் இல்லை. கோடையில் மரம் சுருங்கிப் பட்டம் ஆடத் தொடங்கினால் அப்பா சில்லைக் கழற்றிக் குளத்தில் ஊறப்போடுவார். அந்த வேலையும் இல்லை.

ஆனால் மரச்சில்லு கிட்டத்தட்ட ஐந்து அடி உயரம். என்னுடையது இரண்டு அடி. பெரிய சில்லு குழியைத் தாண்டும், சின்னச் சில்லு குழிக்குள் இறங்கி ஏறும். வாய்க்காலைக் கடந்தால் பெயாரிங் முழுக்கத் தண்ணீரில். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஹப்பைத் திறந்தால் கிரீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது. இப்போது ஒவ்வொரு மாரிக்கும் முன்னும் பின்னும் கழற்றிக் கழுவிப் பூசுகிறேன்.

பஞ்சர் மூன்று வருசத்தில் ஏழு. முழுக்கச் சூரை முள். பட்டறையில் போட்டுக் கொடுத்தது வழுவழுத்த பழைய டயர். அதில் முள் ஏறாவிட்டால்தான் அதிசயம். ஒட்டுகிற கடை நாலு கிலோமீற்றருக்கு அப்பால். சில்லைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய் வருவதற்குள் மாடு இரண்டும் அசைபோட்டு முடித்துப் படுத்துவிடும். காற்றடிக்கிற பம்பும் ஒட்டுத்துண்டும் இப்போது தட்டுக்கு அடியிலேயே தொங்குகின்றன. காற்று குறைந்தாலும் கவனிக்க வேண்டும். டயர் சப்பினால் பெயாரிங்கின் லாபமெல்லாம் போய்விடும், மாடு மணலில் இழுப்பதுபோல் இழுக்கும்.

பிரேக் இல்லை என்பதுதான் இந்த வண்டிலின் ஆபத்து. சுலபமாக உருளுகிற சில்லு சரிவிலும் சுலபமாகத்தான் உருளும். 2023 பெப்ரவரியில் அறுவடை முடிந்து எட்டு மூடையோடு வாய்க்கால் கட்டிலிருந்து இறங்கினபோது வண்டில் மாட்டைத் தள்ளத் தொடங்கியது. பின்தொடையில் தட்டு இடித்ததும் இரண்டும் வெருண்டு ஓடின. நான் கயிற்றைப் பிடித்தபடி "ஓ... ஓ..." என்று கத்தினதுதான் மிச்சம். வரம்பைத் தாண்டி, வெட்டுக்கு நின்ற மற்றவரின் வேளாண்மைக்குள் முப்பது யார் தூரம் போய்த்தான் நின்றது. ஒரு மூடை வெடித்து, நெல் சேற்றில். வயல்காரர் நல்ல மனிசன், "மாடு தப்பினது பெரிய காரியம் கா" என்றார். நான் ஒரு மூடை நெல் கொடுத்துச் சரிக்கட்டினேன். அதற்குப் பிறகு மாமாவின் யோசனையில் ஒரு மரக்கட்டைக்கு டயர்த்தோல் அடித்து, கயிற்றை இழுத்தால் சில்லில் அமுங்குகிற மாதிரி நாங்களே செய்து பூட்டினோம். செலவு 2,200 ரூபாய். இதைப் பட்டறையிலேயே செய்து கொடுத்திருக்கலாம்.

எண்ணெய் இல்லாத வாகனம் என்று நினைத்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: எண்ணெய் இல்லை, வயிறு இருக்கிறது. கொக்கட்டிச்சோலைக் கோயிலில் கல்நந்தியே புல்லுத் தின்று சாணம் போட்டதாகக் கதை உள்ள ஊர் எங்கடது; தசையும் எலும்புமான மாடு சும்மா விடுமா? வைக்கல் சொந்தம், பச்சைப்புல் மகன் வெட்டுகிறான், தவிடும் பிண்ணாக்கும் காசு. முன்பு அறுவடையில் வைக்கல் சூடடிக்கிற களவெட்டியிலேயே குவிந்து கிடக்கும். இப்போது வெட்டு மெசின் வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது, வாரிக் கட்ட ஆள் கூலி. வேலை இல்லாத மாதத்திலும் தின்னும். காலை ஆறு தொடக்கம் பத்து, பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு, இவ்வளவுதான் வேலை நேரம். உச்சி வெயிலில் பூட்டினால் நாக்குத் தள்ளும். இருட்டினால் நான் எடுப்பதில்லை. ஒருமுறை மம்மல் நேரத்தில் வட்டையால் வரும்போது இரண்டும் ரோட்டு நடுவில் நின்றுவிட்டன. தட்டினாலும் அசையவில்லை. பத்து நிமிசம் கழித்து அங்கால பற்றைக்குள் தடி முறிகிற சத்தம். யானை. லேண்ட்மாஸ்டர் என்றால் நேரே போய் முட்டியிருப்பேன்.

லேண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டு இதை வாங்க வேண்டாம். நாலு மடங்கு வேகம் அது. மாடு இல்லாதவர் காசு கொடுத்துச் சோடி வாங்கி, பிறகு வண்டிலும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் நாம்பன் நிற்கிறவர், வயல் ஐந்து கிலோமீற்றருக்குள் இருக்கிறவர், மாரியில் பெட்டி புதையும் என்று தெரிந்தவர், அவர்களுக்கு இது நல்ல சாமான். 2022க்குப் பிறகு டீசல் விலை இறங்கினபோதும் பசளை, விதைநெல், விறகு, வைக்கல் எல்லாம் எனக்கு இதில்தான். ஈரம் காயாத உள்வயலிலிருந்து ரோட்டுக்கு மூடை இறக்க அயலில் இரண்டு பேர் வந்து கேட்கிறார்கள். போன போகத்தில் அப்படி 38,000 ரூபாய் கிடைத்தது, சுட்டியனுக்குத் தெரியாது.

மரவேலைக்கு ஐந்துக்கு ஐந்து. அச்சு வைத்த இடத்துக்கு ஒன்று. வாங்கப் போகிறவர் மூடை ஏற்றி, நுகத்தைத் தராசில் இறக்கிப் பார்க்காமல் மிச்சக் காசைக் கொடுக்க வேண்டாம். புது டயர் என்று முதலே பேசிக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஓடாவியார் தானாகவே போன் எடுத்தார். ஆயித்தியமலைப் பக்கம் ஒருவருக்கு வண்டில் கட்டுகிறாராம். "சேர், அந்த நாலு இஞ்சிக் கணக்க ஒருக்காச் சொல்லுங்களன்." சொன்னேன். பிரேக்கையும் சேர்த்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன்.

"போடலாம் சேர்," என்றார். "ஆனா அது தனிக்காசு."