கூகுள் டிரைவ் ஆண்ட்ராய்டு ஆப்: பத்திரமாக வைக்கும், எங்கே வைத்தது என்று சொல்லாது

நேற்று வரை இருந்த பிடிஎஃப் இன்று போனில் இல்லை. டிரைவைப் பற்றி அடிக்கடி எழும் புகார் இதுதான். பெரும்பாலும் அந்த ஃபைல் அழிந்திருக்காது. வேறு அக்கவுன்ட்டிலோ, வேறு பிரிவிலோ, அனுப்பியவருடைய குப்பையிலோ கிடக்கும். சேமித்து வைக்கும் வேலையை டிரைவ் நன்றாகவே செய்கிறது. ஆனால் வைத்த இடத்தைக் கேட்டால் இந்த ஆப் வாயைத் திறக்காது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது அக்கவுன்ட்டை. ஒரே போனில் இரண்டு மூன்று ஜிமெயில் இருப்பது இப்போது சாதாரணம். வலது மேல் மூலையில் இருக்கும் படத்தின் மேல் விரல் மேலிருந்து கீழாக வழுக்கினாலே டிரைவ் அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவிவிடும். "மாற்றட்டுமா" என்று கேட்காது. தேடல் பெட்டியும் திறந்திருக்கும் அக்கவுன்ட்டை மட்டும்தான் துழாவும். அதனால் படத்தைத் தட்டி, பட்டியலில் உள்ள ஒவ்வொரு அக்கவுன்ட்டாகத் திறந்து அதே பெயரைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்தோ ஸ்கேன் ஆப்பிலிருந்தோ "சேவ் டு டிரைவ்" கொடுத்திருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். அந்தத் திரையில் அக்கவுன்ட், ஃபோல்டர் இரண்டும் ஏற்கெனவே நிரப்பப்பட்டு வரும். பலர் அதைப் பார்க்காமலே "சேவ்" அழுத்திவிடுகிறார்கள். சம்பளச் சீட்டு பிள்ளையின் பள்ளி அக்கவுன்ட்டில் போய் உட்கார்ந்திருக்கும்.

அக்கவுன்ட் சரி என்றால் அடுத்தது பிரிவு. ஆப் திறந்ததும் வரும் "ஹோம்" பக்கம் முழுப் பட்டியல் அல்ல, கூகுள் தேர்ந்தெடுத்துக் காட்டும் சில ஃபைல்கள்தான். அதை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் போச்சு" என்று பதறுகிறவர்கள் உண்டு. கீழே உள்ள "ஃபைல்ஸ்" பட்டனைத் தட்டினால் "மை டிரைவ்", "கம்ப்யூட்டர்ஸ்" என்று இரண்டு தாவல்கள் வரும். வீட்டுக் கணினியில் "டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்" என்ற கணினி ஆப்பைப் போட்டு, ஒரு ஃபோல்டரை ஒத்திசைக்கச் சொல்லியிருந்தால், அது இரண்டாவது தாவலில்தான் இருக்கும். மை டிரைவில் எத்தனை முறை தேய்த்தாலும் வராது. மற்றவர்கள் கொடுத்தவை "ஷேர்டு" பிரிவில். அங்கேயும் இல்லையென்றால் மூன்று கோட்டு மெனுவில் உள்ள ஸ்பேம் பகுதியைப் பாருங்கள். ஜிமெயில் போலவே டிரைவும் சந்தேகத்துக்குரிய பகிர்வுகளை அங்கே ஒதுக்குகிறது.

ஃபைல் போனிலிருந்து டிரைவுக்கு ஏறவே இல்லை (அப்லோட் ஆகவில்லை) என்பது அடுத்த வாய்ப்பு. ஏற்றம் எந்த அளவில் இருக்கிறது என்பதை டிரைவ் முக்கியமாக அறிவிப்புப் பட்டியில்தான் காட்டுகிறது. ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்கு ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்க வேண்டும். அன்றைக்கு "வேண்டாம்" என்று தட்டியிருந்தால் ஏற்றம் பாதியில் நின்றதே தெரியாது. டிரைவ் செட்டிங்ஸில் "வைஃபையில் மட்டும் பரிமாற்றம்" என்ற விருப்பம் இயங்கிக்கொண்டிருந்தால், மொபைல் டேட்டாவில் இருக்கும்வரை ஃபைல் வரிசையில் காத்துக்கொண்டிருக்கும். ரெட்மி, விவோ, ரியல்மி போன்களில் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு கடுமையானது. பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். ரெட்மியில் ஆப் இன்ஃபோவுக்குப் போய் ஆட்டோஸ்டார்ட்டை இயக்கி, பேட்டரி சேவரில் "நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" வைத்தால் பெரும்பாலும் சரியாகும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: கோளாறு என்றதும் "கிளியர் டேட்டா" அழுத்தாதீர்கள். ஆஃப்லைனில் வைத்த பிரதிகளும், ஏறாமல் வரிசையில் நிற்பவையும் அதோடு போய்விடும். "கிளியர் கேஷ்" போதும், அதில் ஆபத்தில்லை.

இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் நிரம்பிவிட்டாலும் புது ஃபைல் ஏறாது. அந்த 15 ஜிபி டிரைவுக்கு மட்டுமல்ல, ஜிமெயிலுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் சுருக்கி ஏற்றும் படங்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. அளவைத் தாண்டிய நிலையிலேயே இரண்டு ஆண்டு கிடந்தால் உள்ளே இருப்பதை அழிக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு என்பது அவர்கள் விதி. பழைய அக்கவுன்ட்டைப் பெட்டகமாக வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

உண்மையிலேயே சிக்கலான இடம் பகிர்வு. "ஷேர்டு"-இல் தெரியும் ஃபைல் நம்முடையது அல்ல. உரிமையாளர் அழித்தாலோ அனுமதியை எடுத்தாலோ நம் போனிலிருந்து ஓசையில்லாமல் மறையும். நம் குப்பையில் தேடிப் பயனில்லை, அது கிடப்பது அவர் குப்பையில். "ஆட் ஷார்ட்கட்" செய்து வைத்தேனே என்று சிலர் கேட்பார்கள். ஷார்ட்கட் என்பது வாசல் பலகை, வீடு அல்ல. நட்சத்திரக் குறி போட்டதும் அப்படித்தான். கையில் இருக்க வேண்டுமென்றால் "மேக் எ காபி" கொடுத்து நம் மை டிரைவில் தனிப் பிரதி வைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வேறொருவர் ஃபோல்டருக்குள் நாம் ஃபைலை உருவாக்கியிருப்போம், அவர் ஃபோல்டரையே அழித்திருப்பார். நம் ஃபைலின் உரிமை நம்மிடமே இருப்பதால் அது அழியாது. மை டிரைவுக்குத் திரும்பி வர வேண்டும். சில சமயம் எந்த ஃபோல்டரிலும் சேராமல் அநாதையாக நிற்கும். அதைப் பிடிக்க ஒரு தேடல் குறிச்சொல் இருக்கிறது, ஆனால் போன் ஆப்பில் முயல வேண்டாம். குரோமின் முகவரிப் பட்டியில் டிரைவ் தளத்தின் முகவரியைக் கையால் அடித்துத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "டெஸ்க்டாப் சைட்" குறியை வையுங்கள். தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் "இஸ்:அன்ஆர்கனைஸ்ட் ஓனர்:மீ" என்று அடிக்க வேண்டும். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி கூடாது. அன்ஆர்கனைஸ்ட் என்பதில் "எஸ்" அல்ல, அமெரிக்கர் எழுதும் "இசட்". அந்த ஒரு எழுத்து மாறினாலும் பட்டியல் வெறுமையாக வரும். இவ்வளவு பயனுள்ள வசதியை ஒரு பட்டனாக வைக்காமல் மந்திரம் போல மனப்பாடம் செய்ய வைத்திருப்பது இந்த ஆப்பின் பெரிய குறை.

யார் எப்போது நகர்த்தினார்கள் என்ற செயல்பாட்டு வரலாறும் அதே டெஸ்க்டாப் பக்கத்தில்தான் வசதி. மை டிரைவைத் திறந்து "ஐ" குறியைத் தட்டி "ஆக்டிவிட்டி" தாவலுக்குப் போனால் எந்த ஃபைல் எந்தத் தேதியில் எந்த ஃபோல்டருக்கு நகர்ந்தது என்று வரிசையாக வரும். போனில் ஒரு ஃபைலின் "டீடெய்ல்ஸ் அண்ட் ஆக்டிவிட்டி" பார்க்கலாம்தான். ஆனால் ஃபைலே காணாமல் போன பிறகு அதன் மெனுவை எங்கே போய்த் தட்டுவது?

குப்பைத்தொட்டிக்கு 30 நாள் கெடு. 2020 அக்டோபர் 13-க்கு முன் அப்படி இல்லை; நாமாகக் காலி செய்யும்வரை கிடந்தது. அந்தப் பழக்கத்தில் இன்னும் குப்பையைக் கிடங்காகப் பயன்படுத்துபவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அலுவலக அக்கவுன்ட் என்றால் ஒரு சலுகை: குப்பையிலிருந்து போன பிறகும் 25 நாளுக்குள் நிர்வாகி மீட்டுத் தர முடியும்.

டிரைவில் தேடவே கூடாத இரண்டு பொருள்கள் இருக்கின்றன. 2019 ஜூலையில் டிரைவுக்கும் போட்டோஸுக்கும் இருந்த ஒத்திசைவை கூகுள் துண்டித்தது. அதன் பின் எடுத்த படங்கள் போட்டோஸில் மட்டும்தான். வாட்ஸ்அப் பேக்கப் டிரைவில் இருந்தாலும் ஃபைல் பட்டியலில் தெரியாது, திறந்து படிக்கவும் முடியாது. இடத்தை மட்டும் பிடிக்கும்.

சில நேரம் ஃபைல் இருக்கும், டிரைவே காணாமல் போயிருக்கும். சாம்சங் போனின் மை ஃபைல்ஸ் ஆப்பில் கூகுள் டிரைவ் வரியைக் காணோம் என்றால், மூன்று புள்ளி மெனுவில் முகப்பைத் திருத்தும் விருப்பத்துக்குப் போய்க் குறியை மீண்டும் வையுங்கள். ஐபோனின் ஃபைல்ஸ் ஆப்பில் "பிரவுஸ்", மூன்று புள்ளி, "எடிட்" என்று போய் டிரைவ் சுவிட்சைத் தள்ள வேண்டும். அதற்கு முன் டிரைவ் ஆப்பை ஒருமுறை திறந்து உள்நுழைந்திருக்க வேண்டும்.

கூகுள் பக்கமே தவறு நடந்ததும் உண்டு. 2023 நவம்பரில் சிலருக்குப் பல மாத ஃபைல்கள் மறைந்தன. காரணம் போன் அல்ல, டெஸ்க்டாப் ஆப்பின் 84-ஆம் பதிப்பு. கணினியிலிருந்து மேலே போகாதவை போனிலும் தெரியவில்லை. அக்கவுன்ட்டைத் துண்டிக்காதீர்கள், ஆப்பின் தரவு ஃபோல்டரை அழிக்காதீர்கள் என்பதே அப்போது கூகுள் சொன்ன முதல் அறிவுரை. மீட்புக் கருவி பின்னர் புதிய பதிப்போடு வந்தது.

போட்டியாளர்களோடு வைத்துப் பார்த்தால், இலவச அளவில் டிரைவ் முன்னால் நிற்கிறது: ஒன்டிரைவும் ஐகிளவுடும் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. ஆனால் ஒன்டிரைவில் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் மொத்தச் சேமிப்பையும் கடந்த 30 நாளுக்குள் ஏதாவதொரு நாளின் நிலைக்குத் திருப்பலாம். பகிர்ந்த ஃபோல்டரில் பலர் கைவைக்கும் வேலை என்றால் அந்த ஒரு வசதிக்காகவே ஒன்டிரைவ் பக்கம் போகலாம். சொந்தச் சான்றிதழ், ரசீது, ஸ்கேன் மட்டும் என்றால் டிரைவே போதும். ஒரே அக்கவுன்ட்டில் வைத்து, பெயரில் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.