பொன்னியின் செல்வனா, கடல் புறாவா?

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கடலைப் பார்த்தே வளர்ந்த வாசகர், நாள்கணக்கில் மூழ்கிப்போக எந்தச் சோழர் காலப் புதினத்தை முதலில் எடுக்கலாம்?

1950இல் தொடராகத் தொடங்கி ஐந்து பாகங்களாக விரிந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, வீராணம் ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனின் துடுக்குத்தனத்தாலும், கோடிக்கரையில் தனியே படகு செலுத்தும் பூங்குழலியின் பிடிவாதத்தாலும், அரண்மனைச் சூழ்ச்சிகள் எவ்வளவு சிக்கலானாலும் வாசகரைக் கைவிடுவதில்லை. எனினும் அதன் உயிர் காவிரிக் கரையில்தான் இருக்கிறது.

சாண்டில்யனின் ‘கடல் புறா’ மூன்றே பாகம். வருணனைகள் நீளமானவை, சிலவற்றை நான் தாண்டிவிடுவதுண்டு. ஆனால் இளையபல்லவன் கீழைக் கடலில் கப்பல் செலுத்தும்போது காற்றும் பாயும் போர்த்தந்திரமுமே கதையை நடத்துகின்றன. துறைமுகத்து வாசகருக்கு முதலில் இதையே தருவேன். மற்றதற்கு ஒரு முழு மழைக்காலம் வேண்டும்.